பண்டைய எகிப்தியரின் வாழ்க்கையை நிலமும் ஆறும் எப்படி மாற்றின? ‘எகிப்து நைல் ஆற்றின் கொடை’ என்று எழுதினால் போதாதா?

போதாது. எல்லோரும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை, நூற்பாலை மெக்கானிக். கெய்ரோவுக்கு வெளியே ஓர் ஆலையில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். ‘மெக்கானிக்குக்கு எதற்கு எகிப்து வரலாறு’ என்று கேட்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

எட்டாம் வகுப்பில் எகிப்து வரைபடத்தில் ‘மேல் எகிப்து’ எங்கே என்று குறிக்கச் சொன்னார்கள். நான் மேலே குறித்தேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். மேல் எகிப்து ஏன் கீழே இருக்கிறது என்று கேட்டதற்கு, ‘அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு’ என்று பதில் வந்தது. இருபது வருடம் கழித்து எகிப்தின் தெற்கு ஊரான அஸ்வானில் ஒரு பாய்மரப் படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது புரிந்தது.

பெருநாள் விடுமுறைக்கு, கூட வேலை பார்த்த எகிப்து நண்பரோடு ரயிலில் அங்கே போயிருந்தேன். படகில் மோட்டார் கிடையாது. பாயை விரித்ததும் ஓட்டத்தை எதிர்த்துத் தெற்கே போனது. திரும்பும்போது பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டார் படகுக்காரர். ஆறே எங்களை வடக்கே கொண்டுவந்து சேர்த்தது. அங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிக்கிறது, ஆறோ தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. போக ஒன்று, வர ஒன்று! மேட்டிலிருந்து ஆறு இறங்கிவரும் பக்கம்தான் மேல் எகிப்து. ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அந்த மக்களின் எழுத்திலேயே இது இருக்கிறது. தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகு. கி.மு. 1500 வாக்கில் முதலாம் துத்மோஸ் மன்னன் படையோடு யூப்ரடீஸ் வரை போனான். அது தெற்கு நோக்கி ஓடும் ஆறு. அதைப் பற்றி அவன் கல்வெட்டில், தலைகீழாக ஓடும் தண்ணீர் என்ற பொருளில் வெட்டிவைத்தார்கள். ஆறு என்றாலே வடக்கே ஓட வேண்டும் என்று நினைத்த ஜனம் அது.

இந்தப் போக்குவரத்து இல்லாமல் பிரமிடு இல்லை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய நாட்குறிப்பு 2013-இல் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்தது. வயது 4500 வருடத்துக்கு மேல். அவருடைய ஆட்கள் தூரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி, ஆற்றிலும் கால்வாயிலுமாக, பெரிய பிரமிடு எழுந்த கீஸாவுக்குக் கொண்டுபோய் இறக்கிய கணக்கு அதில் இருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு இதைத்தான் பதிலாக அனுப்புகிறேன்.

அந்தப் பயணமே நான் மனம் நொந்து கிளம்பியதுதான். நான்கு மாத ஓவர்டைம் காசை ஆலையில் நிறுத்திவைத்திருந்தார்கள். கேட்டால் ‘அடுத்த மாதம்’. பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். ஊருக்குத் திரும்பும் வரை அந்தக் காசு வரவே இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஓவர்டைம் கணக்கைத் தினமும் தேதி போட்டு எழுதிவையுங்கள், மேற்பார்வையாளரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். நான் வாங்காமல் விட்டேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சரி, ‘கொடை’க்கு வருகிறேன். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில் எத்தியோப்பிய மலைகளிலும் மழை கொட்டுகிறது. நைலில் சேரும் நீல நைல், அத்பரா என்ற ஆறுகள் அந்தத் தண்ணீரையும் வண்டலையும் கொண்டுவந்தன. எகிப்தியரின் வருடத்தில் மூன்றே பருவங்கள்: வெள்ளத்துக்கு அகெத், விதைப்புக்குப் பெரெத், அறுவடைக்கு ஷெமு. வண்டல் படிந்த கரை கெமெட், கறுப்பு மண். அதைத் தாண்டிய பாலைவனம் டெஷ்ரெட், சிவப்பு மண். நாட்டின் பெயரே கெமெட்தான்.

ஆனால் வெள்ளம் தானாக வயலில் வந்து நிற்காது. கரை எழுப்பி, நிலத்தைப் பெரிய பெரிய பாத்திகளாகப் பிரித்து, தண்ணீரை உள்ளே விட்டு, நாற்பது நாள் போலத் தேக்கி, பிறகு வடித்துவிட வேண்டும். வடியும் தண்ணீர் மண்ணின் உப்பையும் அடித்துக்கொண்டு போகும். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பக்கம்) பாசன நிலங்கள் உவர் ஏறிக் கெட்டன, எகிப்திலோ ஆயிரக்கணக்கான வருடம் விளைச்சல் நிலைத்தது. அதனால்தான் ‘எந்த ஆறானாலும் இப்படித்தான்’ என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அந்த நண்பருக்கு ஊர் மன்சூரா பக்கத்துக் கிராமம். 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடித்த பிறகு வெள்ளம் நின்றது, வண்டலும் நின்றது. ‘தாத்தா காலத்தில் ஆறு போட்டதை இப்போது நாங்கள் மூட்டை மூட்டையாக உரக்கடையில் வாங்குகிறோம், வயலில் உப்பும் பூக்கிறது’ என்றார். அணையால் மின்சாரமும் வறட்சிக்குத் தண்ணீரும் கிடைத்தன, அதை நான் மறுக்கவில்லை. அவர் வீட்டுக் கணக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

வெள்ளம் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. அஸ்வானில் எலிஃபன்டைன் தீவில், ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டுச் சுவரில், வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க அளவுக்கோடுகள் வெட்டியிருக்கிறார்கள். ரோமானிய அறிஞர் பிளினி கணக்கே சொல்கிறார்: 12 முழம் ஏறினால் பஞ்சம், 14 என்றால் மகிழ்ச்சி, 16 என்றால் கொண்டாட்டம். அன்க்திஃபி என்ற மாகாணத் தலைவர், ஜனங்கள் பசியில் பிள்ளைகளையே தின்றார்கள் என்று தன் கல்லறைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய 4100 வருடத்துக்கு முந்தைய வாசகம். ‘கொடை’ என்று எழுதும்போது அவரையும் இரண்டு வரி எழுதுங்கள்.

பாலைவனம் காவலாக இருந்தது என்று எழுதலாம், ஆனால் முழுக்காவல் என்று எழுத வேண்டாம். ஹிக்சோஸ் மக்கள் வடகிழக்கு வழியாக வந்து டெல்டாவையே ஆண்டார்கள். நூற்பாலைக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மம்மியைச் சுற்றிய லினன் துணி, வெள்ளம் வடிந்த மண்ணில் விளைந்த ஆளிச்செடியின் நாரில் நெய்தது. உடலை உலர்த்திய நேட்ரான் உப்பு, பாலைவனத்து வாதி நட்ரூனிலிருந்து வந்தது. கறுப்பு மண்ணும் சிவப்பு மண்ணும் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன.

வரைபடம் வரையச் சொல்லியிருந்தால், முதலில் ஆற்றின் மேல் தெற்கிலிருந்து வடக்கே ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மேல் எகிப்து எங்கே என்று பிள்ளை தானே சொல்லிவிடும்.