புற்றுநோய்க்கான ஆன்டிபாடி இணைவுப் புரதங்களைப் பாக்டீரியாவில் மலிவாகத் தயாரிக்காமல், பாலூட்டிச் செல்களில் வளர்ப்பது ஏன்?

ஆன்டிபாடியின் ஒரு பகுதியோடு வேறொரு புரதத்தை இணைத்த மருந்துகள்தான் இவை. இவற்றைத் தரும் பாலூட்டிச் செல்களை வளர்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஈ. கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். எங்கள் செல்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். செலவும் அதிகம்தான். இருந்தும் இந்தச் செல்களை விட முடியாததற்குக் காரணம் புரதத்தின் மடிப்பும் அதன்மேல் ஏறும் சர்க்கரையும்.

ஸிவ்-அஃப்ளிபர்செப்ட் என்ற மருந்தைப் பாருங்கள். பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி வளர இரத்தம் வேண்டும். அதற்காக வி.இ.ஜி.எஃப். என்னும் காரணியைச் சுரந்து புதிய இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளரவைக்கிறது. அந்தக் காரணியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து, மனித ஆன்டிபாடியின் அடித்தண்டோடு மரபணு அளவிலேயே இணைத்தார்கள். காரணி இரத்தக் குழாயை எட்டுமுன் மருந்து அதைப் பிடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

இந்த மருந்தில் புரதம் மட்டும் 97 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). முழு எடையோ 115. மிச்சமெல்லாம் செல் ஏற்றிவிடும் சர்க்கரைச் சங்கிலிகள். ஈ. கோலைக்கு இந்த வேலை தெரியாது. கந்தகப் பிணைப்புகள் நிறைந்த இத்தகைய புரதத்தை அதனிடம் கொடுத்தால், பெரும்பாலும் சரியாக மடியாமல் உள்ளேயே கட்டியாகத் தங்கிவிடும். அதனால்தான் சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள். 1957இல் தியோடர் பக் டென்வரில் உருவாக்கிய செல் வரிசையின் வழித்தோன்றல்கள் இவை. புரதத்தை மடித்து, சர்க்கரை ஏற்றி, வளர்ப்பு நீர்மத்திலேயே சுரந்து தந்துவிடுகின்றன.

எல்லா இணைவுப் புரதங்களுக்கும் இது பொருந்தாது. சர்க்கரை தேவைப்படாத டெபென்டஃபஸ்ப் என்ற புற்றுநோய் மருந்து ஈ. கோலையில்தான் தயாராகிறது.

செல் சரியாக மடித்துத் தந்ததையும் நாம் கெடுத்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பன்னிரண்டு நாள் வளர்த்த ஒரு இணைவுப் புரதத்தைப் பிரித்தெடுக்க, புரதம்-ஏ நிரப்பிய குழலான நிரலில் ஏற்றினேன். அடித்தண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். அமிலக் கரைசல் ஊற்றினால் விடுபட்டு வரும். வந்ததை உடனே நடுநிலைப்படுத்த வேண்டும். எல்லாக் குழாய்களும் நிறையட்டும் என்று காத்திருந்தேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, தெளிந்த நீராக இறங்கியது அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன. அப்படித் திரண்டதை நோயாளிக்குச் செலுத்தினால், உடலின் எதிர்ப்பாற்றல் மருந்தையே பகையாகக் கருதித் தாக்கக்கூடும். அன்று மாலை அத்தனையையும் கொட்டினேன்.

இப்போது நிரலைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு குழாயிலும் அமிலத்தை நடுநிலைப்படுத்தும் டிரிஸ் கரைசலை அளந்து ஊற்றி வைத்துவிடுகிறேன். முதல் சொட்டே அதில்தான் விழ வேண்டும்.