காய்ந்த இலைக்கு இத்தனை படிப்பா? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் அருங்காட்சியகத்தில் தாவரவியலாளர் ஆவேன் என்கிறாள். "காய்ந்த இலையை அட்டையில் ஒட்டவா இத்தனை வருடப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்ற உங்கள் கவலையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அந்த அட்டை என்ன என்பது புரிந்தால்தான் மகளின் ஆசையும் உங்களுக்குப் புரியும்.

செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, காகிதங்களுக்கு நடுவில் அழுத்தி உலர்த்தி, அட்டையில் பொருத்துவார்கள். எங்கே, எந்தத் தேதியில், யார் சேகரித்தது என்ற சீட்டும் அதில் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த வழக்கம் இது. இப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்குப் பெயர் ஹெர்பேரியம். உலகம் முழுவதும் ஏறத்தாழ 40 கோடி மாதிரிகள் இருக்கின்றன. லண்டன் கியூ தோட்டத்தில் மட்டும் சுமார் 70 லட்சம். புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவர் ஒரு மாதிரியைக் காட்டி, பெயர் இதற்குரியது என்று சொல்லியாக வேண்டும். அதுவே வகைமாதிரி. பிற்பாடு பெயரில் சச்சரவு வந்தால் எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

2022-இல் விக்டோரியா பொலிவியானா என்ற ராட்சத அல்லியைப் புதிய இனமாக அறிவித்தார்கள். அதன் மாதிரி கியூவில் 177 ஆண்டுகளாக இருந்திருக்கிறது! ஏற்கெனவே தெரிந்த இனம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயின் மரபணுவை 2013-இல் ஆராய்ந்தவர்களுக்கும் அந்தக் காலத்து உலர்ந்த இலைகள்தான் கை கொடுத்தன. அந்த இலைகளை அழுத்தி வைத்தவர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே ஒழுங்காகப் பாதுகாத்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் அறம். எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆலிஸ் ஈஸ்ட்வுட் பற்றியும் மகளிடம் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், தாவரவியலைத் தானாகவே கற்றவர், சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் தாவரப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1906 நிலநடுக்கத்தில் கட்டடத்தின் படிக்கட்டு இடிந்துபோனது, தீயும் நெருங்கியது. இரும்புக் கைப்பிடியைப் பற்றியபடி ஆறாம் மாடிக்கு ஏறி, 1,497 மாதிரிகளைக் காப்பாற்றினார். அது முடிந்ததற்குக் காரணம், வகைமாதிரிகளை அவர் முன்னமே தனியாகப் பிரித்து அடுக்கியிருந்ததுதான். அந்த அன்றாட ஒழுங்கை மகள் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால், காட்டுப் பயணம் வருடத்தில் சில வாரங்களே அமையும். மீதி நாளெல்லாம் மேசையும் நுண்ணோக்கியும்தான். வந்த மாதிரிகளை இனம் காண்பது, வேறு நிறுவனங்களுக்குக் கடனாக அனுப்பித் திரும்பப் பெறுவது, நூறு வருடக் கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றுவது, வண்டு அரிக்காமல் மாதிரிகளை உறையவைப்பது. பழைய அட்டைகளில் பூச்சிக்குப் பயந்து பாதரச உப்பு பூசியிருப்பார்கள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். பணியிடங்கள் குறைவு. ஆராய்ச்சியாளராகவோ, மாதிரித் தொகுப்புக்குப் பொறுப்பான காப்பாட்சியராகவோ ஆக முனைவர் பட்டம் தேவைப்படும். பள்ளி முடித்த பிறகு பத்து வருடம் வரை ஆகலாம், அதன் பிறகும் சில வருடங்கள் ஒப்பந்த வேலையில் போகும். மாதிரிகளைப் பராமரிக்கும் பணிக்கும் அவற்றைக் கணினியில் ஏற்றும் பணிக்கும் அதைவிடக் குறைந்த படிப்பே பல இடங்களில் போதும், சம்பளமும் அதற்கேற்ப இருக்கும். நிறுவனங்களும் எப்போதும் நிலையாக இருப்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024-இல் அறிவித்தது. இதை உங்களிடம் மறைத்தால் நான் ஆலோசகர் இல்லை.

அதனால் மகள் இரண்டு கால்களில் நிற்கட்டும். ஒன்று, செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல்: ஏதாவது ஒரு தாவரக் குழுவை, புல்லோ பாசியோ, ஆழமாகப் படிப்பது. இன்னொன்று வெளியிலும் விலைபோகும் திறமை: மரபணு ஆய்வு, புள்ளியியல், வரைபடத் தரவு, இவற்றில் ஏதாவது ஒன்று. அருங்காட்சியகக் கதவு திறக்காவிட்டாலும் விதை வங்கி, தாவரவியல் பூங்கா, காட்டுயிர்ப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மதிப்பீடு, ஆசிரியப் பணி என்று வழி இருக்கும். செடியைப் பார்த்துப் பிழையில்லாமல் பெயர் சொல்பவர்கள் குறைந்துவருகிறார்கள், இந்த இடங்களுக்கெல்லாம் அவர்கள் வேண்டும். லத்தீன் பயம் வேண்டாம். 2012 முதல் புதிய இனத்தின் விவரிப்பை லத்தீனுக்குப் பதில் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அருகில் உள்ள ஹெர்பேரியத்தில் தன்னார்வலராக ஒரு மாதம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டைச் சுற்றி வளரும் களைகளில், அனுமதியோடு, முப்பது மாதிரிகளைச் சேகரித்து உலர்த்தி அவளே சீட்டு எழுதட்டும். பூவின் அழகையோ ஒட்டிய நேர்த்தியையோ பார்க்காதீர்கள். முதல் சீட்டையும் முப்பதாவது சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம், தேதி, மண், பூவின் நிறம் எல்லாம் இரண்டிலும் ஒரே கவனத்தோடு எழுதப்பட்டிருந்தால், அந்த அட்டைகளோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.