பதில்: 1914 ஒதெல்லோ தட்டில் எது கரூசோ, எது ருஃபோ?

வணக்கம். வெர்டியின் ஒதெல்லோ ஓபராவிலிருந்து கரூசோவும் டிட்டா ருஃபோவும் சேர்ந்து பாடிய 1914 இசைத்தட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரூசோ டெனர் (உச்ச ஆண்குரல்), ருஃபோ பாரிடோன் (அதைவிடத் தாழ்ந்த, கனத்த ஆண்குரல்) என்று போட்டிருக்கிறது, ஆனால் தட்டில் இரண்டு குரலும் டெனர் மாதிரியே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள் காதில் இல்லை. முதலில் சுழலும் வேகத்தைப் பாருங்கள். அக்காலத் தட்டுகள் பல நிமிடத்துக்கு 78 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் பதியப்பட்டவை. அப்படியே 78-இல் ஓட்டினால் சுருதி ஏறி, குரல் மெலிந்துவிடும். கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவு இது. மண்டியிட்டுச் சபதம் செய்யும் ஒதெல்லோதான் முதலில் பாடுவார், அது கரூசோ. அவர் எழப்போகும்போது "இன்னும் எழாதீர்கள்" என்று அவரைச் சூழ்ச்சியால் ஏமாற்றும் இயாகோ தடுப்பார். அங்கே நுழைவதுதான் ருஃபோ. பிறகு இருவரும் சேர்ந்து பாடுவார்கள். மைக் இல்லாத காலம், ஒலிப்பதிவுக் குழலுக்குள் பாடியது. அதையும் மீறி ருஃபோ குரலின் கனம் தெரியும்.

டிட்டா ருஃபோவா, ருஃபோ டிட்டாவா என்ற பெயர்க் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. அவருடைய இயற்பெயர் ருஃபோ டிட்டா. மேடைக்காக முன்பின் மாற்றிக்கொண்டார். 1877-இல் பீசாவில் பிறந்தவர், இளமையில் அப்பாவின் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். 1898-இல் ரோமில் மேடையேறினார்.

இத்தாலியில் பாடுவதை ஏன் நிறுத்தினார் என்று கேட்டீர்களே, அதுதான் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும் பகுதி. 1924-இல் பாசிசவாதிகள் கடத்திக் கொன்ற இத்தாலிய நாடாளுமன்ற உறுப்பினர் மத்தெயோத்தி, ருஃபோவின் தங்கை வேலியாவின் கணவர். அதுதான் காரணம். 1937-இல் ருஃபோவையும் கைது செய்து, கடவுச்சீட்டைப் பறித்தார்கள். 1953-இல் ஃபுளோரன்சில் காலமானார்.

வேகத்தைச் சரிசெய்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.