வரலாறு ஆசிரியர் பயிற்சி: நீலகிரி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி: சார், பயிற்சியில் ஆசிரியர்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பள்ளிக்குப் போனதும் பழையபடி புத்தகத்தை வாசிக்கிறார்கள். என்ன செய்வது?

பவர்பாயின்ட் போட்டு முறைகளைப் பட்டியலிட்டால் அப்படித்தான் ஆகும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தட்டும். மற்றவர்கள் மாணவர்களாக உட்காரட்டும். முடிந்ததும் ஒரே ஒரு குறையைச் சொல்லி, அதே பகுதியை உடனே மறுபடி நடத்த வையுங்கள். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது. அடிக்கடி பார்ப்பது இதுதான்: கேள்வி கேட்ட மூன்றாவது நொடியில் ஆசிரியரே பதிலையும் சொல்லிவிடுவார். மனசுக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள்.

குன்னூர்: பத்தாம் வகுப்பு வேலூர்ப் புரட்சிக்கு ஒரு மாதிரிப் பாடம் கொடுங்களேன்.

மூன்று அட்டை, ஒவ்வொன்றிலும் ஐந்து வரி. ஒன்று: சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை. இரண்டு: 1799-ல் ஆங்கிலேயரோடு நடந்த போரில் மைசூரின் திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது, 1806 ஜூலை 10 அன்று அங்கே திப்புவின் கொடி ஏறியது. மூன்று: புரட்சி அடங்கியபின் கும்பெனி (கிழக்கிந்தியக் கம்பெனி) உடை உத்தரவையும் கைவிட்டது, திப்பு குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது.

கரும்பலகையில் ஒரே கேள்வி: 'சிப்பாய்கள் எழுந்தது தலைப்பாகைக்காகவா, திப்பு குடும்பத்துக்காகவா?' நான்கு பேர் கொண்ட குழுக்கள். முதல் இரண்டு அட்டைக்குப் பதினைந்து நிமிடம். மூன்றாவதை, குழுக்கள் ஒரு பக்கம் சாய்ந்தபிறகுதான் கொடுக்க வேண்டும். கும்பெனியே இரண்டுக்கும் பயந்திருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பு சூடுபிடிக்கும். 'இரண்டும்தான்' என்று எழுதித் தப்பப் பார்ப்பார்கள். எது இல்லாவிட்டால் புரட்சி நடந்தே இருக்காது என்று மடக்குங்கள்.

ஊட்டி: எங்கள் ஊரை இதில் எப்படிக் கொண்டுவருவது?

புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த மரம் மலையேற யாருடைய அதிகாரம் தேவைப்பட்டது என்று கேட்டால், 1799 தானாக வந்துவிடும். இன்னொன்று: 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து நீலகிரியை 'கண்டுபிடித்தார்' என்று பாடத்தைத் தொடங்காதீர்கள். உங்கள் வகுப்பிலேயே படகர், தோடர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

கூடலூர்: மழைக்காலத்தில் கரன்ட் இருப்பதில்லை. ஸ்மார்ட் போர்டு இல்லாமல் முடியுமா?

முடியும். வரிகள் எழுதிய தாளைப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, மேலே அகல செல்லோ டேப். ஈரத்தில் வெறும் பேப்பர் நமுத்துப்போகும்.

குந்தா: மேடம் ஒருவர் 'போர்ஷன் முடியாது' என்கிறார்.

நியாயமான பயம். எல்லாப் பாடத்துக்கும் இந்த அட்டை முறை வேண்டாம். பருவத்துக்கு இரண்டு போதும். குழு எழுதியதையே நெடுவினாவுக்கான விடையாக நோட்டில் ஏற்றிவிட்டால், அந்தப் பாடத்துக்குத் தனியாக விடை எழுதிப்போடும் பீரியட் மிச்சம்.