மழையில் டொயோட்டா 86 போன்ற பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காரைப் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி?

கோலாலம்பூரில் பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கியிருப்பதாகவும், இதுவரை முன்சக்கர இயக்கக் கார்களையே ஓட்டிப் பழகியதால் மழை வந்தாலே பயமாக இருப்பதாகவும், காரை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டியதில்லை. அதே காரை நானும் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். ஒருமுறை மழையில் அது என் கையை மீறிப் போயிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த நான்கு விநாடிகளுக்குள் இருக்கிறது.

2019-இல் ஒரு சனிக்கிழமை மாலை, நானும் மனைவியும் பெந்தோங்கிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். கெந்திங் செம்பாவைத் தாண்டி கோம்பாக்கை நோக்கிச் சாலை இறங்கும் பகுதியில் தூறல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மூன்றாவது கியரில், மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில், இடப்பக்க வளைவு ஒன்றில் இருந்தேன். முன்னால் சென்ற லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான், பிரேக்கைத் தொடக்கூட இல்லை. காரின் பின்புறம் வலப்பக்கம் வீசியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன், கார் நிமிர்ந்தது, ஆனால் திருப்பிய ஸ்டியரிங்கை உரிய நேரத்தில் மீட்காததால் மறுபக்கம் அதைவிட வேகமாக வீசிச் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி அவசரத் தடத்தில் நின்றது. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. மனைவியின் மடியிலிருந்த பையிலிருந்து பெந்தோங் இஞ்சி முழுவதும் சிதறி, கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் வேக வரம்பை மீறவில்லை. அப்படியானால் ஏன் சுழன்றது என்பதைத்தான் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

டயரின் பிடிப்பை ஒரு மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். வளைவில் காரைத் தாங்குவதற்கு ஒரு பகுதி செலவாகிறது. மீதி இருப்பதை வைத்துத்தான் டயர் காரைத் தள்ளவோ, வேகத்தைக் குறைக்கவோ முடியும். உலர்ந்த தார்ச்சாலையில் 0.8 அளவில் இருக்கும் உராய்வுக் குணகம் (டயர் சாலையைப் பற்றும் அளவைக் காட்டும் எண்) ஈரத்தில் 0.5 அல்லது 0.6 ஆகிவிடுகிறது, அதாவது செலவு அப்படியே இருக்கச் சம்பளம் மட்டும் குறைகிறது. முன்சக்கர இயக்கக் காரில் அளவு மீறினால் பெரும்பாலும் முன்சக்கரங்களே முதலில் வழுக்கும்; கார் வளைவிலிருந்து வெளிப்பக்கமாக அகன்று போகும்; பயந்து காலை எடுத்தால் அநேகமாகத் தானே சரியாகிவிடும். நீங்கள் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகிய அந்தப் பழக்கமே பின்சக்கர இயக்கக் காரில் எதிரியாக மாறுகிறது. காலைச் சட்டென்று எடுக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகின்றன. அதே கணத்தில் இஞ்சினின் இழுத்துப் பிடிக்கும் விசையும் அந்தப் பின்சக்கரங்களில் மட்டுமே இறங்குகிறது. பிடிப்பு குறையும் இடத்திலேயே செலவும் கூடுகிறது. மூன்றாவது கியரில் 80 கிலோமீட்டர் என்றால் இந்தக் காரில் இஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு மேல் இருக்கும். நான்காவது கியரில் இருந்திருந்தால் 3,400 அளவில் இருந்திருக்கும், இழுப்பும் அதற்கேற்பக் குறைந்திருக்கும்.

ஆகவே மழையில் வழக்கத்தைவிட ஒரு கியர் கூடுதலாக வைத்து ஓட்டுங்கள். 86-இன் இஞ்சின் விசை 4,000 சுழற்சிக்கு அருகில் சற்றுத் தொய்ந்து, பிறகு மீண்டும் எழும் தன்மை உடையது. வளைவின் நடுவில் அந்த எழுச்சி வந்தால், நீங்கள் காலை அசைக்காமலே பின்சக்கரத்துக்குப் போகும் விசை கூடிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே குறைத்துவிட்டு, வளைவு முழுவதும் ஆக்சிலரேட்டரை இலேசாக, ஒரே அளவில் பிடித்திருங்கள். காலை எடுக்கத்தான் வேண்டுமென்றால், மெல்ல, சிறிது சிறிதாக எடுங்கள். கியரைக் குறைக்கும்போது கிளட்ச்சைப் பட்டென்று விட்டாலும் காலைச் சட்டென்று எடுத்ததற்குச் சமம்தான். முன்னால் செல்லும் வண்டியிலிருந்து உலர்ந்த நாளில் விடும் இடைவெளியைப் போல இருமடங்கு விட்டிருந்தால், அந்த லாரியின் விளக்கைப் பார்த்து நான் பதறியிருக்கவே மாட்டேன்.

இன்னொன்று, நனைந்த சாலையில் மிக மோசமான நேரம் மழை கொட்டும் நேரமன்று, தொடங்கும் நேரம். பல நாள் வெயிலில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் தூறலில் கலந்து வழவழப்பான படலமாகி, நல்ல மழை அதைக் கழுவிச் செல்லும் வரை அங்கேயே இருக்கும். எங்களுக்கு நேர்ந்ததும் அந்த நேரத்தில்தான். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், சாக்கடை மூடிகள் ஆகியவற்றின் மேல் பின்சக்கரம் ஏறும் கணத்தில் வேகத்தைக் கூட்டவே கூடாது.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்டயரின் பக்கச் சுவரைத் துடைத்து, அங்கே அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1112. அதாவது 2012-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஏழு வயது. பள்ளங்களின் ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேலேதான் இருந்தது; ஆனால் கடைக்காரர் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபோது ரப்பரில் தடமே விழவில்லை. பக்கத்திலிருந்த புதிய டயரில் அழுத்தினார், பிறை வடிவில் நகம் பதிந்தது. பழைய காரை வாங்கும்போது இஞ்சினையும் வண்ணப்பூச்சையும் அரைமணி நேரம் பார்த்த நான், இந்த நான்கு இலக்கங்களைப் படிக்கவில்லை. உங்கள் கார் எந்த நிலையில் இருந்தாலும் இதை இன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு டயர்கள் மட்டும் மாற்றப் பணம் இருந்தால், புதியவற்றைப் பின்பக்கம் போடுங்கள். பந்தயத் திடலுக்கென்று விற்கப்படும், பள்ளம் குறைந்த டயர்களை நம் ஊர் மழைக்கு ஒருபோதும் போடாதீர்கள். இந்தக் கார் பல நாடுகளில் டொயோட்டாவின் எரிபொருள் சிக்கனக் காரான பிரியஸுக்கும் பொருத்தப்பட்ட மிச்செலின் பிரைமஸி டயருடன்தான் ஆலையிலிருந்து வந்தது. குறைந்த வேகத்திலேயே பின்புறம் விளையாட வேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் நோக்கம். அந்த விளையாட்டு மழைச் சாலைக்கு உரியதன்று.

சாலையில் தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பது வேறு சிக்கல். நாசாவின் லாங்லி ஆய்வு மையம் விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் கண்ட சூத்திரம் ஒன்று உண்டு: டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். அழுத்தம் 35 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு ஏறத்தாழ 99 கிலோமீட்டர், 26 என்றால் 85. கார் டயருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தேய்ந்த டயர், அகல டயர், இலேசான கார் ஆகியவை இன்னும் முன்பாகவே மிதக்கலாம். ஆனாலும் காற்றழுத்தம் குறைந்த டயரோடு மழையில் 110-இல் போவது எவ்வளவு ஆபத்தான செயல் என்பதை அந்தக் கணக்கு தெளிவாகவே காட்டுகிறது. ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டால் மிதக்கிறீர்கள் என்று பொருள். அப்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெல்லத் தளர்த்திக் காத்திருங்கள், பிரேக் வேண்டாம். முன்னால் போகும் வண்டியின் சக்கரங்கள் நீரை விலக்கிய தடத்திலேயே போவது பெரிய உதவி. மழையில் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

விஎஸ்சி என்பது கார் வழுக்கும்போது தானே தலையிட்டு நிலைப்படுத்தும் அமைப்பு; அதன் தலையீட்டைத் தளர்த்தும், கியர் கம்பிக்கு அருகில் உள்ள விஎஸ்சி ஸ்போர்ட் பொத்தானைச் சாலையில் தொடாதீர்கள். நான் அன்று அதை அழுத்தி வைத்திருந்தேன். அதனால் கார் தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தாமதித்தது. முழுமையாக இயங்கும் நிலையில் அந்த அமைப்பு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்துச் சுழற்சியைத் தடுக்கும், எந்த மனிதக் காலாலும் செய்ய முடியாத வேலை அது. ஆனால் அதுவும் டயரில் மிச்சமிருக்கும் பிடிப்பை வைத்தே வேலை செய்கிறது. ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி இரண்டுக்கும் விசையைப் பகிரும், எல்எஸ்டி எனப்படும் டிஃபரன்ஷியல் காரைக் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். விசை மிகுந்தால் அது இரண்டு பின்சக்கரங்களையும் ஒருசேர வழுக்கச் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பின்புறம் வீசினால், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், லாரியையோ தடுப்புச் சுவரையோ பார்க்காதீர்கள். கண் பார்க்கும் பக்கம் கை போகும். பின்புறம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, கார் நிமிரத் தொடங்கும் அதே கணத்தில் ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். மீட்க முடியாத அளவுக்குச் சுழன்றுவிட்டால், கிளட்ச்சையும் பிரேக்கையும் முழுமையாக மிதித்துவிடுங்கள்.

இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அந்த நிகழ்வுக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், நீர் பாய்ச்சிய திடலில் நடந்த அரைநாள் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் வட்டமாக ஓட்டிக்கொண்டே காலைச் சட்டென்று எடுக்கச் சொன்னார்கள். முதல் ஆறேழு முறை கார் சுழன்றது; ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை நேராக்குவதில்தான் தாமதித்தேன். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, பின்புறம் வீசுவதை முதுகு உணர்ந்தது, நான் யோசிப்பதற்கு முன்பே கைகள் திருப்பி, உடனே மீட்டன. கார் சற்றுத் தள்ளாடிவிட்டு நேராகப் போனது.