கூட்டணியா, கூட்டமைப்பா?

திருகோணமலை உப்புவெளி வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் சனசமூக நிலையச் செய்திமடலுக்குத் தேர்தல் செய்திகள் எழுதுகிறேன். கட்சிகள் சேர்வதைக் கூட்டணி என்பதா, கூட்டமைப்பு என்பதா? கூட்டணி என்று எழுதினால் பெரியவர்கள் வேறு எதையோ விளங்கிக்கொள்கிறார்கள்."

விளங்கிக்கொள்ளத்தான் செய்வார்கள். திருகோணமலையில் 1977இல் உதயசூரியன் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர்களுக்குக் கூட்டணி என்றாலே தமிழர் விடுதலைக் கூட்டணிதான். பின்னாளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரான சம்பந்தன் முதன்முதலாக நாடாளுமன்றம் போனது அந்தத் தேர்தலில். தமிழ்நாட்டு டிவி பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கோ அது வெறும் பொதுச்சொல்: திமுக கூட்டணி, அதிமுக கூட்டணி. இரண்டும் சரிதான். அதனால் கட்சியைக் குறிக்கும்போது முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள்.

தேர்தலுக்காகச் சேர்ந்தால் கூட்டணி எனலாம். ஆனால் 2024 பொதுத்தேர்தலை எடுங்கள். வடக்கில் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் திருகோணமலையில் ஒரே பட்டியலில் வந்தன. மாவட்டத்தின் 4 ஆசனங்களில் ஒன்று கிடைத்தது. இதைப் போய் 'தமிழரசும் கூட்டணியும் கூட்டணி' என்று எழுதினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். 'தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் இணைந்து போட்டியிட்டன' என்றால் முடிந்தது.

கூட்டமைப்பு என்பது கட்சிகள் தங்கள் பெயரும் நிர்வாகமும் கலையாமல் ஒரு குடையின் கீழ் நிற்பது. 2001இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அப்படித்தான். அதற்கெனத் தனிச் சின்னம் இருக்கவில்லை. 2001இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன், 2004இலிருந்து தமிழரசுக் கட்சியின் வீடு. வாக்குச்சீட்டில் கூட்டமைப்பின் பெயரைத் தேடியவர்கள் ஏமாந்தது அதனால்தான். முன்னணி, சக்தி எல்லாம் பெரும்பாலும் பெயரோடு வருபவை, அப்படியே விடலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டிய சொல் வேறு: கூட்டாட்சி. பல கட்சிகள் சேர்ந்து அரசாங்கம் அமைப்பதற்குச் சிலர் இதை எழுதுகிறார்கள். அது நம்முடைய சமஷ்டி, அதாவது மத்தியும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிரும் ஆட்சிமுறை! 'கூட்டாட்சிக்கு உடன்பாடு' என்று நீங்கள் தலைப்புப் போட்டால், அடுத்த நாள் நிலையத்து வாசலில் சண்டை நிச்சயம். கூட்டரசாங்கம் என்று எழுதுங்கள்.

பிரதேச சபையில் தவிசாளர் தெரிவுக்கு ஒரு கட்சி இன்னொன்றுக்குக் கை உயர்த்தினால் அதற்குக் கூட்டணி என்ற பட்டமெல்லாம் வேண்டாம்; ஆதரவளித்தது, அவ்வளவுதான். பிறகு அவர்களே எழுத்தில் உடன்பாடு செய்தால் அப்போது மாற்றி எழுதலாம்.