பில் போடும் கணினியில் புதிய பதிப்பு: எப்போது மாறலாம்?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். பில், ஸ்டாக் எல்லாம் கணினியில்தான். பில்லிங் சாப்ட்வேருக்குப் பெரிய புதிய பதிப்பு வந்திருக்கிறது, உடனே மாறுங்கள் என்று விற்றவர் போன் மேல் போன் போடுகிறார். விண்டோஸ் 10-ஐயும் 11-க்கு மாற்றச் சொல்கிறார். நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பில் வராமல் நின்றால் கோளாறு எதில் என்றே கண்டுபிடிக்க முடியாது.

விண்டோஸ் விஷயத்தில் மகன் சொல்வது சரிவராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் திறக்கும் கணினியை அப்படியே விடுவது ஆபத்து. விண்டோஸ் 11 வந்தது 2021-ல். ஆரம்பக் கோளாறுகளுக்குப் பயந்து காத்திருக்கும் காலம் தாண்டிவிட்டது. ஆனால் உங்கள் கணினி அதற்குத் தாங்குமா என்று பாருங்கள். மைக்ரோசாப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' அதைச் சொல்லிவிடும். தாங்காது என்று வந்தால், "எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள், அதைப் புதுக் கணினிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

பில்லிங் சாப்ட்வேருக்கு அந்த அவசரம் இல்லை. பெரிய பதிப்பு வந்ததும் பாயாமல், அதன் முதல் திருத்தப் பதிப்பு வரட்டும் என்று இருப்பேன் நான். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, மைக்ரோசாப்ட் அதைச் சில நாளிலேயே நிறுத்திவைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

இன்னொரு சிக்கல் உண்டு. கணக்குக் கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டால், பல சாப்ட்வேர்களில் அதைப் பழையதில் திறக்க முடியாது. அதனால் உங்கள் கணக்கின் நகலில் மட்டும் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பில் பிரிண்டரில் அச்சு ஒழுங்காக வருகிறதா, சரக்குப் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் கட்டம் கட்டமாக ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புக்கு எதுவரை சர்வீஸ் உண்டு, மாறுவதற்குத் தனிக் காசா, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கியதா? இதற்கெல்லாம் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது நாளைக்கு நிற்காது. சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது என்றால், பணத்தை இப்போது கட்டி, பிறகு ஏற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

எப்போது என்றால், மார்ச் கடைசி வேண்டவே வேண்டாம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தானே, சும்மாதான் இருப்போம் என்றும் நினைக்காதீர்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் வலை சரிபார்ப்பார்கள், ஜூன் பிறந்தால் உங்கள் கடையில் கூட்டம். ஏப்ரல் 20-க்குள் மார்ச் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போய்விடும். அப்புறம் மே முதல் வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள். மாற்றும் முன் கணக்கை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.